முகட்டில் ஒரு வழி, தாழ்வாரத்தில் ஒரு வழி: வீட்டுக் கூரைக்குக் காற்றோட்டம் அமைக்கும் முறை

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் ஆகிய ஊர்கள் யாவும் வடக்கு அட்சரேகை 11 பாகையை ஒட்டியே அமைந்திருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. இவற்றுள் முதலாவது, சித்திரை பிறந்த சில நாட்களில், கோடையின் நடுவிலேயே வந்துவிடுகிறது. அந்த வேளையில் சுவரின் மேல் வெயில் விழுவதே அரிது. விழுவதெல்லாம் கூரையின் மேல்தான். கரூர் பரமத்தியும் ஈரோடும் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் தகரக் கூரையின் மேற்பரப்பு கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது என்பதை இங்குள்ள யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குத் திரை போடுவதும் வாசலுக்குத் தட்டி கட்டுவதும் நல்லவைதான். ஆனால் சூடு இறங்கும் பெருவழி தலைக்கு மேலே இருக்கிறது.

இதற்கு மாற்றாக நம் ஊர்களில் இப்போது வழக்கமாகச் செய்யப்படுவது இரண்டு. ஓட்டுக்கோ சீட்டுக்கோ கீழே பி.வி.சி. அல்லது ஜிப்சம் பலகையால் ஃபால் சீலிங் அடித்துவிடுகிறார்கள். அதன் பிறகும் அறை அனலாக இருந்தால், மில்களில் பார்த்த பழக்கத்தில், கூரையில் ஓட்டை போட்டு, காற்றடித்தால் தானே சுழலும் டர்போ வென்டிலேட்டர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். இரண்டும் தம்மளவில் தவறானவை அல்ல. சூடு வெளியேற மேலே வழி வைத்தவர்கள், வெளிக்காற்று நுழையக் கீழே வழி வைக்காமல் விடுவதுதான் குறை. கீழே வழி இல்லாத இடத்தில் மேலே எத்தனை சுழலிகள் வைத்தாலும் அவை சுற்றிக்கொண்டிருக்குமே தவிர, போதிய காற்றை இழுக்க மாட்டா. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் அளவுகளும் வேலைகளும் பெரும்பாலும் அந்தக் கீழ்வழியைப் பற்றியவையே.

கூரைக்கும் ஃபால் சீலிங்குக்கும் இடையே, அல்லது ஓட்டுக்கும் மச்சுப் பலகைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை இங்கே கூரைவெளி என்று குறிப்பிடுகிறேன். முகடு என்பது கூரையின் உச்சிக் கோடு; தாழ்வாரம் என்று இங்கே சொல்வது, கூரை சரிந்து சுவரின் மேல் வந்து முடியும் ஓரத்தை.

காற்று எப்படி நகர்கிறது

வெயிலில் காய்ந்த ஓடோ தகரமோ தனக்குக் கீழே உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று விரிந்து, எடை குறைந்து, முகட்டை நோக்கி எழுகிறது. முகட்டில் திறப்பு இருந்தால் அது வெளியேறும். ஆனால் வெளியேறும் அதே அளவு காற்று வேறொரு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். 20 லிட்டர் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்தால் நீர் குபுக் குபுக்கென்று திணறிக்கொண்டு விழுவதையும், அதன் பின்புறத்தில் ஒரு துளை போட்டதும் சீராகக் கொட்டுவதையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு திறப்புகளில் எது சிறியதோ, அதுவே காற்றின் அளவைத் தீர்மானிக்கிறது.

திறப்பின் பரப்பு ஒருபுறம் இருக்க, காற்றின் வேகம் இரண்டு காரணங்களைச் சார்ந்தது: தாழ்வாரத் திறப்புக்கும் முகட்டுத் திறப்புக்கும் இடையே உள்ள உயரம் ஒன்று, உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்ப வேறுபாடு மற்றொன்று. வேகம் இவற்றின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும். அதாவது, கூரையின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகாது, ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். மேலும் கீழுமாக இரு திறப்புகளையும் இரட்டிப்பாக்கினாலோ காற்றும் இரட்டிப்பாகும். ஆகவே, ‘சீட்டை இன்னும் இரண்டு அடி தூக்கிப் போட்டுவிடலாம்’ என்று குழாய்க்கும் ஆங்கிளுக்கும் செலவழிக்கும் முன், இருக்கும் உயரத்திலேயே திறப்பு போதுமான அகலத்தில் உள்ளதா என்று பார்ப்பது சிக்கனம்.

இயற்கைக் காற்று இதற்குத் துணை செய்யும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டிருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்றுதான் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பகுதிகளில் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. அந்த மாதங்களில் டர்போ வென்டிலேட்டரும் நன்றாகவே சுற்றும். ஆனால் நமக்கு அதிகம் தேவைப்படுவது பங்குனி, சித்திரை நண்பகல்களில். அப்போது பெரும்பாலும் இலை அசையாது. காற்றடிக்காத நேரத்தில் சுழலி வெறும் ஓட்டையாகவே செயல்படும். எனவே வீட்டுக் கூரையை வடிவமைக்கும்போது, காற்றே வீசாத ஒரு நண்பகலை மனத்தில் கொண்டு, சூட்டின் எழுச்சியை மட்டுமே நம்பிக் கணக்கிடுவது நல்லது. மேல்காற்றின் உதவி உபரியாக வரட்டும்.

பழைய கட்டடங்கள் இதை எப்படிக் கையாண்டன

நடுவில் திறந்த முற்றம் உள்ள தொட்டிக்கட்டு வீடுகளில் நாட்டு ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்ததால், ஆயிரக்கணக்கான சிறு இடைவெளிகள் வழியே கூரை முழுவதுமே மூச்சு விட்டது. ஆசாரம் எனும் கூடத்தில் எழுந்த சூடு ஓட்டிடுக்குகளின் வழியே கசிந்தது. வெளிக்காற்று நடுத்தொட்டி வழியாகவும் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையிலான சந்துகளின் வழியாகவும் வந்தது. பேசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய சீமை ஓடு, நாட்டு ஓட்டைவிட நெருக்கமாகப் பூட்டிக்கொள்ளும் என்றாலும், அதிலும் காற்று ஓரளவு கசியவே செய்யும்.

வீட்டைவிடத் தொழில் நடந்த கொட்டகைகளில் இந்த அறிவு தெளிவாகத் தெரிகிறது. கவுந்தப்பாடி வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையில் கொப்பரைக்கு மேலே உள்ள முகட்டை மட்டும் தனியாக உயர்த்தி, ஆவியும் புகையும் போக இருபுறமும் வழி விட்டிருப்பார்கள். நாமக்கல் கோழிப் பண்ணைகளில் பக்கங்களைச் சுவர் இல்லாமல் கம்பி வலையோடு விட்டு, நீளவாக்கைக் கிழக்கு மேற்காக அமைத்து, முகட்டில் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். கோடையில் கோழி செத்தால் நட்டம் மறுநாளே கணக்கில் தெரிந்துவிடும் என்பதால் அங்கே யாரும் இதை அலட்சியம் செய்வதில்லை. கோழிக்குச் செய்வதை மனிதருக்குச் செய்யாமல் விடுவதுதான் எனக்கு விளங்காத புதிர்.

முதலில் உங்கள் கூரையைச் சோதியுங்கள்

பணம் செலவழிக்கும் முன் ஒரு வெயில் நாளில் இரண்டு வேளை சோதனை செய்ய வேண்டும். பிற்பகல் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை வெளியே நிழலிலும், பின்னர் ஃபால் சீலிங்கின் ஆள்நுழைவுப் பலகையைத் திறந்து கூரைவெளியிலும் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். பிற்பகலில் கூரைவெளி வெளிக்காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருப்பது இயல்பே. இரவு 9 மணிக்கும் அந்த வேறுபாடு பெரிதாகவே நின்றால், உள்ளே அடைபட்ட சூட்டுக்கு வெளியேற வழியில்லை என்று பொருள். வெயில் தாழ்ந்த பிறகு தகரம் விரைவில் ஆறிவிடும். அடைபட்ட காற்றும் அதன் கீழே உள்ள பலகையும் சாமான்களும் ஆறுவதில்லை. மின்விசிறியைப் போட்டால் அனல் காற்று கீழிறங்கும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது நூல் சோதனை. விசைத்தறி ஓடும் ஊர்களில் நூலுக்குப் பஞ்சமில்லை. கழிவு நூலில் ஒரு முழ நீளம் எடுத்து, அதன் நுனியைப் பிரித்துப் பஞ்சாக்கி, ஒரு குச்சியில் கட்டுங்கள். பிற்பகலில் தாழ்வார இடுக்கின் அருகே அதைப் பிடித்தால், காற்றோட்டம் உள்ள கூரையில் நூலின் நுனி உள்நோக்கிச் சாயும். முகட்டுத் திறப்பின் அருகே பிடித்தால் வெளிநோக்கித் துடிக்கும். இரண்டு இடத்திலும் அது நேராகத் தொங்கினால் கூரைவெளி அடைபட்டிருக்கிறது. முகட்டில் துடித்து, தாழ்வாரத்தில் அசையாமல் நின்றால், காற்று வேறெங்கோ இருந்து வருகிறது. பெரும்பாலும் ஃபால் சீலிங்கில் விளக்குக்காக வெட்டிய ஓட்டைகளின் வழியாக உங்கள் அறையிலிருந்தே வருகிறது. ஏ.சி. போட்ட வீட்டில் இதன் விளைவு, காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று கூரை வழியே போய்க்கொண்டிருப்பதுதான். ஊதுவத்திப் புகையாலும் இதே சோதனையைச் செய்யலாம் என்றாலும், தேங்காய் நாரும் பழைய சாக்கும் அடைந்து கிடக்கும் பரணில் நெருப்பைக் கொண்டுபோவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு திறப்பு வேண்டும்

அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிகளில், சீலிங் பரப்பில் 150-இல் ஒரு பங்கு அளவுக்குக் கூரைவெளியில் திறப்பு இருக்க வேண்டும் என்றும், மேலும் கீழும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து வைத்தால், சில நிபந்தனைகளோடு, 300-இல் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு கணக்கு உண்டு. குளிர்நாட்டுக் கூரைகளில் ஈரம் தங்குவதைத் தடுப்பதற்காகத் தோன்றிய கணக்கு அது. நம் நாட்டில் தடுக்க வேண்டியது முதன்மையாகச் சூடு என்பதால், 150-இல் ஒரு பங்கைக் குறைந்தபட்சமாகக் கொள்வதும், அதையும் சரிபாதியாகப் பிரிப்பதும் தகும் என்பது என் கருத்து.

30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள, இருபுறமும் சாய்ந்த கூரையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 600 சதுர அடி. அதில் 150-இல் ஒரு பங்கு 4 சதுர அடி. முகட்டுக்கு 2 சதுர அடி, தாழ்வாரங்களுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக 2 சதுர அடி. முகட்டின் 2 சதுர அடி என்பது 288 சதுர அங்குலம். முகட்டின் நீளம் 360 அங்குலம். ஆக, முகடு நெடுகிலும் 0.8 அங்குல அகலத்துக்குத் தொடர்ச்சியான இடைவெளி விட்டால் போதும். ஒவ்வொரு தாழ்வாரத்திலும் அதில் பாதி, 0.4 அங்குலம் வேண்டும்.

ஆனால் இது வலை இல்லாத வெறும் திறப்புக்கான கணக்கு. எலியும் அணிலும் வௌவாலும் பாம்பும் நுழையாமல் வலை அடித்தே ஆக வேண்டும். நெருக்கமான கண்ணியுள்ள கொசுவலை திறப்பில் ஏறத்தாழப் பாதியை விழுங்கிவிடும். மீதியைத் தூசி பார்த்துக்கொள்ளும். சோமனூர், பல்லடம் போன்ற தறி ஊர்களில் பறக்கும் பஞ்சுத் தூசி ஒரே கோடையில் கொசுவலையைக் கம்பளம் போல் மூடிவிடுவதால், கூரைவெளிக்குக் கொசுவலை வேண்டாம்; 6 மில்லிமீட்டர் கண்ணியுள்ள துருப்பிடிக்காத, பற்றவைத்த கம்பி வலை போதும். அதற்கும் ஈடு கொடுக்கும் வகையில் அளவுகளை இரட்டித்துக்கொள்ளுங்கள். அப்போது நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு முகட்டில் 1.6 அங்குலமும் ஒவ்வொரு தாழ்வாரத்திலும் 0.8 அங்குலமும் தேவைப்படும். வேலை செய்பவரிடம் ‘மேலே இரண்டு அங்குலம், கீழே இருபுறமும் ஒரு அங்குலம்’ என்று சொல்லிவிட்டால் கணக்கு தவறாது.

தாழ்வாரத்தில் தொடர்ச்சியான இடைவெளி விட முடியாதபடி சுவரை ஓடு வரை பூசி அடைத்திருந்தால், சுவரின் மேல் வரிசையில் ஜாலி கற்களைப் பதிக்கலாம். 8 அங்குலச் சதுர ஜாலி ஒன்றில் பாதி திறந்திருப்பதாகக் கொண்டால் அதன் திறப்பு 32 சதுர அங்குலம்; வலைக்கான ஈட்டையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 9 ஜாலிகள் வேண்டும். அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் பலர் தயங்கி இரண்டோ மூன்றோ வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அழகுக்கு அது போதும், காற்றுக்குப் போதாது.

டர்போ வென்டிலேட்டரே வேண்டும் என்பவர்களுக்கும் இதே கணக்குதான். மில்களில் வழக்கமாக உள்ள 24 அங்குலச் சுழலியின் கழுத்துப் பரப்பு சுமார் 3 சதுர அடி. மேற்சொன்ன வீட்டின் முகட்டுத் தேவையை அது ஒன்றே தாண்டிவிடுகிறது. இரண்டாவது சுழலிக்கு வேலையே இல்லை. ஆனால் அது முழு வீச்சில் இழுக்க வேண்டுமானால் கீழேயும் குறைந்தது 3 சதுர அடி, வலையோடு 6 சதுர அடி திறப்பு வேண்டும். விற்பவர் இதைச் சொல்வதில்லை. மின்சாரத்திலோ சோலாரிலோ ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்; கீழ்வழி இல்லாத கூரைவெளியில் அது அறைக் காற்றை உறிஞ்சுவதோடு, சமையலறைப் புகையையும் மேலே இழுத்துக்கொள்ளும்.

கூரைக்கேற்ற வேலை

ஓட்டுக் கூரையில் முகட்டு வழி அமைப்பது எளிது. மோட்டு ஓடுகளைச் சிமெண்டுக் கலவையால் இறுக்கிப் பூசும் வழக்கத்தை மாற்றி, ஆசாரியிடம் சொல்லி முகட்டுச் சட்டத்தின் மேல் கட்டைகளை வைத்து, அவற்றின் மேல் மோட்டு ஓட்டை 2 அங்குலம் உயர்த்தி அமர்த்த வேண்டும். அல்லது அலுமினியத் தகட்டில் கூம்பு மூடி செய்து பொருத்த வேண்டும். இரு முனைகளிலும் முக்கோணமாய் எழும் சுவர் இருக்கும் வீடுகளில், அதன் உச்சியை ஒட்டி எதிரெதிரே ஜன்னல் வைப்பதும் பயன் தரும். ஆனால் அந்தச் சுவர்கள் கிழக்கும் மேற்குமாக இருந்தால்தான் கணவாய்க் காற்றின் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

‘ஏனுங்க, மோட்டுல தொறந்து விட்டா மழத்தண்ணி உள்ள வராதுங்களா?’ என்று எல்லோரும் கேட்கும் கேள்வி நியாயமானது. நம் ஊரில் மழை ஒரே திசையிலிருந்து வருவதில்லை. ஆடியில் மேற்கிலிருந்து சாரலும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து அடைமழையும், சித்திரையில் எந்தத் திசையென்று சொல்ல முடியாதபடி சூறைக்காற்றோடும் ஆலங்கட்டியோடும் கோடை மழையும் வருகின்றன. ஆகவே மூடியை இரு பக்கமும் சரிவின் மீது குறைந்தது 9 அங்குலம் இறங்கி நிற்கும்படி செய்ய வேண்டும். இடைவெளியின் இரு ஓரத்திலும் சீட்டின் விளிம்பை 1 அங்குலம் மேல்நோக்கி மடித்துவிட்டால், மூடிக்குள் அடித்து ஏறும் நீர் அந்த மடிப்பில் தடுபட்டுத் திரும்பி வழிந்துவிடும். எத்தனை செய்தாலும் பெருஞ்சூறையில் ஓரிரு துளி உள்ளே தெறிக்கலாம். அடைபட்ட கூரையில் ஆண்டு முழுவதும் தங்கும் ஈரத்தோடு ஒப்பிட்டால் அது பொருட்டல்ல.

தகரச் சீட்டுக் கூரை அமைக்கும் வெல்டிங் பட்டறைக்காரர்கள் முகட்டு மூடியைச் சீட்டின் மேல் ஒட்டினாற்போல் வைத்துத் திருகாணி அடிப்பதே வழக்கம். முன்கூட்டியே சொல்லிவிட்டால், பர்லினின் (சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின்) மேல் சிறு துண்டு ஆங்கிள்களை நிறுத்தி மூடியை உயர்த்தித் தருவார்கள்; கூடுதல் செலவு மிகக் குறைவு. கூரை முடிந்த பிறகு இதைச் செய்யச் சொன்னால்தான் செலவும் முணுமுணுப்பும் கூடுகின்றன. உயர்த்திய மூடி ஆடிக் காற்றில் பிய்ந்து பறக்காமல் இருக்க, ஒவ்வொரு தாங்கியிலும் இரண்டு போல்ட்டுகள் வாஷரோடு இருக்க வேண்டும். சீட்டின் நெளிவுகளுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்துகளைச் சிமெண்டாலும் ஃபோமாலும் அடைத்துவிடும் பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். அந்தச் சந்துகளே உங்களுக்குத் தேவையான கீழ்வழி. வலை மட்டும் வைத்துவிடுங்கள்.

மொட்டை மாடியின் மேல் சீட்டுக் கொட்டகை போடுவது கொங்குப் பகுதி நகரங்களில் இப்போது ஏறக்குறைய எல்லாத் தெருக்களிலும் காணப்படுகிறது. நான்கு பக்கமும் திறந்திருக்கும் வரை அது கீழே உள்ள கான்கிரீட் தளத்துக்கு மிகச் சிறந்த நிழல். தளத்தின் மேல் வெயிலும் படாது, சூடும் தங்காது. துணி காயப் போடவும் வற்றல் போடவும் வசதி என்று தொடங்கி, பிறகு சாரலுக்காக மேற்கையும் திருட்டுக்குப் பயந்து மற்ற பக்கங்களையும் சீட்டு வைத்து அடைத்துவிடும்போது அதுவே அனல் பெட்டியாகிறது. அடைத்தே ஆக வேண்டுமென்றால், அடைப்பின் மேல் ஓரத்தில் ஒரு அடியும், கீழே தளத்தை ஒட்டி அரை அடியும் வலையோடு திறந்து விடுங்கள்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் சீட்டுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. கல்நார் எல்லா வகையிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. அசையாமல் கிடக்கும் சீட்டைவிட, அதை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசியே ஆபத்து. எனவே அந்தச் சீட்டில் டர்போவுக்காக வட்டம் வெட்டுவதைத் தவிர்த்து, முக்கோணச் சுவரின் உச்சியில் திறப்பு வையுங்கள். மோட்டுச் சீட்டைக் கழற்ற நேர்ந்தால் நீர் தெளித்து நனைத்த பிறகு, உடைக்காமல் போல்ட்டைக் கழற்றி இறக்க வேண்டும். பழைய சீட்டின் மேல் நேரடியாகக் கால் வைத்தவர்கள் அது உடைந்து கீழே விழுந்து இறந்திருக்கிறார்கள். பர்லின்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் மட்டுமே நடக்க வேண்டும்.

சூட்டைத் தவிர வேறு பயன்கள்

கூரைக் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வெயிலையே நினைக்கிறார்கள். மார்கழி, தை மாத விடியற்காலையில் தகரச் சீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். மேகமற்ற இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதால், உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் அதன் அடியில் முத்து முத்தாகப் படிகிறது. சமையல் ஆவி, குளியலறை ஆவி, ஆட்களின் மூச்சு எல்லாம் அந்த ஈரத்தில் அடக்கம். விடிந்ததும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, நெளிவின் பள்ளத்தில் வழிந்து, பர்லின் தடுக்கும் இடத்தில் சொட்டத் தொடங்குகின்றன. மழையே பெய்யாத நாளில் ஜிப்சம் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்தால், ‘சீட்டு ஒழுகுகிறது’ என்று எண்ணிப் பலர் மேலே தார் பூசுகிறார்கள்; கறை வட்டங்கள் பர்லின் ஓடும் கோட்டிலேயே வரிசையாக விழுந்திருந்தால் அது ஒழுகல் அல்ல, வேர்ப்பு. அதற்கு மருந்து தார் அல்ல, காற்று.

மரக் கூரைக்கு இந்த ஈரம் இன்னும் கேடு. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை அரிப்பு தொடங்கிவிடும்; கரையானும் ஈர மரத்தையே நாடும். தலைமுறைகள் தாண்டிய பனங்கைச் சட்டங்கள் பல, அடியில் சீலிங் அடித்த சில ஆண்டுகளில் உளுத்துப்போவதற்கு இதுவே காரணம்: புகையும் காற்றும் பட்டு உலர்ந்திருந்த மரத்தை நாம் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிட்டோம். சமையலறை எக்ஸாஸ்ட் குழாயைக் கூரைவெளியிலேயே முடித்துவிடும் வேலையை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் அங்கேயே படியும். குழாயை வெளிச்சுவருக்கோ கூரைக்கு மேலேயோ கொண்டுபோய் விட வேண்டும்.

பரணில் விதைநெல், மஞ்சள், புளி முதலியவற்றை வைக்கும் தோட்டத்து வீடுகளில் காற்றோட்டம் பூஞ்சணத்தைக் குறைக்கும். மின்கம்பிகளுக்கும் இது நல்லது. வீட்டு வயரிங்கில் பயன்படும் சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி வரைதான் தாங்கும் என்று மதிப்பிடப்பட்டது. கூரைவெளியே 50 டிகிரியைத் தாண்டும்போது, மின்னோட்டத்தால் ஏறும் சூட்டுக்கு மிச்சமிருக்கும் இடம் குறைந்துவிடுகிறது. ஏ.சி.க்கான கம்பியைக் கூரைவெளி வழியாக இழுத்திருந்தால் ஒரு அளவு தடிமன் கூடுதலான கம்பி போடும்படி எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

காற்றால் மட்டும் முடியாதது

காற்றோட்டம் கூரைவெளியின் காற்றைத்தான் மாற்றுகிறது. கொதிக்கும் தகரத்திலிருந்து கீழ்நோக்கிப் பாயும் கதிர்வீச்சை அது நிறுத்தாது. சீலிங் இல்லாத சீட்டு வீட்டில் உச்சந்தலை காய்வது அந்தக் கதிர்வீச்சால்தான். அதற்குச் சீட்டின் அடியில், குறைந்தது 1 அங்குல இடைவெளி விட்டு, பளபளப்பான பக்கம் கீழே பார்க்கும்படி அலுமினியப் படலத்தைக் கட்ட வேண்டும். துலக்கமான அலுமினியம் தன் மேல் படும் வெப்பக் கதிரில் மிகப் பெரும்பகுதியைத் திருப்பிவிடும், தான் சூடானாலும் மிகக் குறைவாகவே கீழே உமிழும். பளபளப்பு மேலே பார்த்தால் சில மாதங்களில் தூசி படிந்து பயன் போய்விடும். படலமோ கண்ணாடி இழைக் கம்பளமோ எதைப் போட்டாலும், அதைத் தாழ்வாரம் வரை இழுத்து உள்வழியை அடைத்துவிடாமல் ஒரு சாண் முன்னதாகவே நிறுத்துங்கள். கூரையின் மேல் வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடிப்பதும் சேர்ந்தால் மூன்றும் ஒன்றுக்கொன்று துணையாகும். ஒன்றை மட்டும் செய்யப் பணம் இருந்தால், தகரக் கூரைக்கு நான் முதலில் வெள்ளைப் பூச்சையும், ஏற்கெனவே சீலிங் அடித்த ஓட்டு வீட்டுக்கு முதலில் காற்று வழியையும் சொல்வேன்.

ஏ.சி. இல்லாத வீடுகளில் கூடத்துச் சீலிங்கின் நடுவே திறந்து மூடக்கூடிய ஒரு ஜாலியை வைத்தால், மாலைக்குப் பிறகு அறைச் சூடும் கூரைவெளி வழியாகவே முகட்டுக்குப் போய்விடும்; அப்போது ஜன்னல்களே கீழ்வழியாகிவிடுகின்றன. ஏ.சி. உள்ள அறையில் இதைச் செய்யக் கூடாது. அங்கே சீலிங்கில் உள்ள விளக்கு ஓட்டைகளைக்கூடச் சிலிக்கோன் பசை வைத்து அடைக்க வேண்டும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. வைகாசி முடிவதற்குள், மேல்காற்று வலுக்கும் முன், முகட்டு மூடியின் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்து, வெயிலில் வெடித்த வாஷர்களை மாற்றுங்கள். புரட்டாசியில், அடைமழைக்கு முன், தாழ்வார வலைகளைப் பழைய துடைப்பத்தால் தட்டிச் சுத்தம் செய்து, சருகும் குருவிக் கூடும் குளவிக் கூடும் இருந்தால் அகற்றுங்கள். குளவிக் கூட்டை இருட்டிய பிறகு, பழக்கமுள்ள ஆளை வைத்து எடுப்பது நலம். டர்போ வைத்தவர்கள் அதே சமயம் அதைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பார்க்க வேண்டும்: கிறீச்சென்று சத்தமிட்டாலோ பாதியில் நின்றாலோ பேரிங் தேய்ந்துவிட்டது, அதை மாற்றியாக வேண்டும்.